ஒரே பெஞ்சில் கூலியும் கவிஞரும்

கல்கத்தாவின் கலாசிடோலா சாராயக் கடை வங்க இலக்கியத்தில் இடம்பிடித்தது கவிஞர்களால். ஆனால் அது தோன்றியதும் நிலைத்ததும் வேறு ஆட்களுக்காக.

மத்திய கல்கத்தாவில் வெலிங்டன் சதுக்கத்திலிருந்து தெற்கே இறங்குகிறது ரஃபி அகமது கித்வாய் சாலை. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இதன் பெயர் வெல்லெஸ்லி தெரு. பழைய கட்டடங்கள், பட்டறைகள், சின்னச் சின்ன ஓட்டல்கள், கை ரிக்‌ஷாக்கள் என்று நெரிசலான வட்டாரம். இங்கேதான் இருக்கிறது கலாசிடோலா. உயரமான கூரை போட்ட பெரிய கூடம். மங்கிய வெளிச்சம். நீளமான மர மேஜைகள், முதுகு சாய வழியில்லாத பெஞ்சுகள். மெனு கார்டு கிடையாது. பாட்டுக் கச்சேரி கிடையாது. கவுன்டரில் காசைக் கொடுத்துப் பாட்டிலை வாங்கிக்கொண்டு, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான்.

தனி மேஜை என்ற பேச்சே இங்கே இல்லை. எதிரே இருப்பவர் யார், என்ன வேலை, என்ன சாதி என்று விசாரித்துவிட்டு உட்காரும் வசதியும் இல்லை. மூட்டை தூக்குபவர், ரிக்‌ஷா இழுப்பவர், அச்சக ஊழியர், குமாஸ்தா என்று எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. தொட்டுக்கொள்ள ஊறவைத்த கொண்டைக்கடலை, நறுக்கிய இஞ்சி, உப்பு, பச்சை மிளகாய். கூடம் நிறைந்ததும் எழும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்கக் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பார்ப்பதற்கு எந்தப் பெருமையும் இல்லாத இந்த இடத்தின் பெயர் வங்க எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வங்கக் கவிதையைப் புரட்டிப்போட்ட இளைஞர்கள் மாலை நேரத்தில் கூடிய இடங்களில் இது முக்கியமானது. கல்லூரி மாணவர்களுக்கு அது இன்று ஒரு புராணம். அதே பெஞ்சில் அவர்களுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கலாசிகளின் பேட்டை

தமிழ்நாட்டில் 'கலாசி' என்றால் ரயில்வே கலாசிதான் நினைவுக்கு வருவார். வங்காளத்தில் அந்தச் சொல்லுக்குக் கப்பல் தொழிலாளி என்றும் பொருள். 'டோலா' என்பது பேட்டை. ஆக, கலாசிப் பேட்டை.

பெயருக்குப் பின்னால் ஒரு துறைமுகத்தின் கதை இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக 1911 வரை இருந்த கல்கத்தா, பெரிய கப்பல் நகரமும்கூட. 1892-ல் கிதிர்பூர் கப்பல் துறை திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களின் வயிற்றுக்குள் நின்று கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங் பகுதிகளிலிருந்து விவசாயக் குடும்பத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 'சாரங்' எனப்படும் மேஸ்திரிகள் அவர்களைக் கப்பலுக்குச் சேர்த்துவிட்டார்கள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த கூலியில் சிறு பகுதிதான் இவர்களுக்கு. அடுத்த கப்பல் கிடைக்கும்வரை நகரத்தின் விடுதிகளில் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். லண்டனில் கப்பலைவிட்டு இறங்கித் தங்கிவிட்ட சில்ஹெட்காரர்களின் வழியாகத்தான் பின்னாளில் பிரிட்டன் முழுவதும் 'இந்திய' ஓட்டல்கள் பரவின.

துறைமுகத்தின் மவுசு பிறகு குறைந்தது. 1947-ல் நாடு பிரிந்தபோது சணல் விளையும் கிழக்கு வங்காளம் அந்தப் பக்கம் போனது. ஹூக்ளி நதியில் வண்டல் படிந்து பெரிய கப்பல்கள் வருவது சிரமமானது. நதியில் நீரோட்டம் கூட்ட 1975-ல் ஃபராக்கா அணை வந்தது. கடலுக்குப் பக்கத்தில் ஹால்டியாவில் புதிய துறைமுகம் எழுந்தது. கலாசிகள் போனார்கள், அவர்கள் பெயர் மட்டும் சாராயக் கடையில் தங்கிவிட்டது. அவர்கள் இடத்தில் பிகாரிலிருந்து வந்த கூலிகளும், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளும், நகரத்து உழைப்பாளிகளும் உட்கார்ந்தார்கள்.

சட்டம் போட்ட வகுப்புப் பிரிவு

கலாசிடோலாவில் கிடைப்பது 'பாங்ளா'. முழுப்பெயர் பாங்ளா மத், அதாவது வங்கச் சாராயம். அரசு ஏடுகளில் 'நாட்டுச் சாராயம்'. பெயரைக் கேட்டு இதைத் திருட்டுச் சாராயம் என்று நினைத்துவிடக் கூடாது. கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நீர் கலந்து, உரிமம் பெற்ற ஆலைகளில் பாட்டிலில் அடைத்து, முத்திரையிட்டு, வரி கட்டி விற்கப்படும் சரக்கு இது. 600 மில்லி பாட்டில்தான் இதன் பிரபலமான அடையாளம்.

லேபிளில் '60 யூ.பி.', '70 யூ.பி.' என்று போட்டிருக்கும். இதற்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் சம்பந்தமில்லை. 'அண்டர் புரூஃப்' என்பதன் சுருக்கம் அது. பழைய காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் சாராயத்தின் வீரியத்தைச் சோதிக்க அதில் வெடிமருந்தை நனைத்துப் பற்றவைப்பார்கள். பற்றிக்கொண்டால் அது 'புரூஃப்' சாராயம். கணக்குப் பார்த்தால் சுமார் 57 சதவீத ஆல்கஹால். அதிலிருந்து 60 சதவீதம் குறைந்தது 60 யூ.பி. அதாவது கிட்டத்தட்ட 23 சதவீத ஆல்கஹால். 70 யூ.பி. என்றால் சுமார் 17 சதவீதம். விஸ்கியில் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். நாட்டுச் சாராயம் என்றாலே விஸ்கியைவிடக் கடுமையானது என்ற நம்பிக்கை, உரிமம் பெற்ற இந்தச் சரக்கைப் பொறுத்தவரை தவறு. ஆனால் விஸ்கியைப் பெக் கணக்கில் குடிக்கிறார்கள். பாங்ளாவைப் பாட்டில் கணக்கில்.

வங்காள ஆயத்தீர்வைச் சட்டம் 1909-ல் வந்தது. குடிப்பவர்களின் வகுப்பை அந்தச் சட்ட மொழி அப்பட்டமாகக் காட்டியது. ஏழை குடிப்பது 'நாட்டு'ச் சாராயம். வசதியுள்ளவர் குடிப்பது 'அந்நிய' மது. அது இந்திய மண்ணில், இந்தியக் கரும்பில் செய்ததாக இருந்தாலும் 'இந்தியாவில் தயாரான அந்நிய மது'தான். இரண்டுக்கும் தனித்தனி உரிமம், தனித்தனி வரி, தனித்தனிக் கடை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் சாராயக் கடை, பிராந்திக் கடை என்று பிரித்துச் சொன்னது போல.

கல்கத்தாவில் இந்தப் பிரிவைக் கண்ணால் பார்க்கலாம். கித்வாய் சாலை தெற்கே போய்த் தொடுவது பார்க் ஸ்ட்ரீட்டை. அறுபதுகளில் அந்தத் தெருவின் டிரிங்காஸ், மொகாம்போ போன்ற இடங்களில் மேற்கத்திய இசைக் குழுக்கள் வாசித்தன. மும்பையில் பிறந்த தமிழ்ப் பெண்ணான உஷா (பின்னாளில் உஷா உதுப்), சென்னையின் 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பாடிவிட்டு 1969-ல் காஞ்சிபுரம் பட்டுடன் டிரிங்காஸ் மேடையேறி நகரத்தைக் கலக்கினார். அந்த வெளிச்சத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் கலாசிடோலா. இரண்டுக்கும் நடுவே எஸ்பிளனேடில், மெட்ரோ சினிமாவை ஒட்டிய சந்தில், 1872-ல் தொடங்கிய ஷா பிரதர்ஸ். ஜனங்கள் வைத்த பெயர் 'சோட்டா பிரிஸ்டல்'. குமாஸ்தாக்களும் சின்ன வியாபாரிகளும் தெரியாதவர்களோடு மேஜையைப் பகிர்ந்துகொள்ளும் இடம். ஒரே நகரத்தில், ஒரே மாலை நேரத்தில், பாக்கெட்டில் உள்ள காசுக்குத் தக்கபடி மூன்று படிகள்.

கமல்தாவின் தர்பார்

இந்தப் படிகளில் ஏறும் ஆசையை விட்டுவிட்டுக் கீழ்ப்படியில் வந்து அமர்ந்தவர் கமல்குமார் மஜும்தார். 1914-ல் பிறந்தவர். பிரெஞ்சு இலக்கியத்தில் ஊறியவர். ஓவியம், மரச்செதுக்கு, நாடகம், கணிதம் என்று எதையும் விட்டுவைக்காதவர். சத்யஜித் ராயின் நண்பர். சவுத் பாயின்ட் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தார். எழுதியதோ, படிப்பவர்களை வேண்டுமென்றே தடுக்கி விழவைக்கும் பழைய சாது பாஷையில். அவருக்கு வாசகர்கள் குறைவு. சீடர்கள் நிறைய.

அந்தச் சீடர்கள் அவரை 'கமல்தா' என்றார்கள். 'தா' என்றால் அண்ணன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் 'ஹர்போலா' என்ற நாடகக் குழுவில் அவர் இயக்க, சுனில் கங்கோபாத்யாய் போன்ற இளைஞர்கள் நடித்தார்கள். ஒத்திகை போய், கலாசிடோலா தர்பார் வந்தது. பிரெஞ்சுக் கவிதையிலிருந்து ராமகிருஷ்ண பரமஹம்சர் வரை பேச்சு ஓடும். வங்காளிகள் 'அட்டா' என்று சொல்லும் இலக்கற்ற அரட்டைக்கு அது பல்கலைக்கழகமாக இருந்தது. வகுப்பறையில் கிடைக்காத பாடம், கடலைக்கும் இஞ்சிக்கும் நடுவே கிடைத்தது.

அவருடைய புகழ்பெற்ற நாவல் 'அந்தர்ஜலி யாத்ரா'. சாகும் தறுவாயில் கங்கைக்கரைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கிழவருக்கு, உடன்கட்டை ஏற்றுவதற்காகவே ஒரு இளம்பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். இதை எதிர்ப்பவர் சுடுகாட்டில் பிணம் எரிக்கும் பைஜு. சாஸ்திரம் படித்தவர்கள் அனைவரும் கொலைக்குத் துணைபோக, குடித்துவிட்டுப் பேசும் வெட்டியான் மட்டும் மனிதனாக இருக்கிறான். கௌதம் கோஷ் 1987-ல் இதைப் படமாக்கியபோது பைஜுவாக நடித்தவர் சத்ருகன் சின்ஹா. கமல்குமார் தன் மாலைகளை யாரோடு கழித்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய வியப்பு இருக்காது.

பசித்த தலைமுறை

சுனிலும் அவர் நண்பர் சக்தி சட்டோபாத்யாயும் வேலையில்லாத, காசில்லாத, ஆனால் அசாத்தியத் திமிர் பிடித்த ஒரு தலைமுறையின் பிரதிநிதிகள். சுனில் 1934-ல் இன்றைய பங்களாதேஷின் ஃபரீத்பூரில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்த குடும்பம். சக்தி கல்கத்தாவுக்குத் தெற்கே பஹரு கிராமத்துக்காரர். சின்ன வயதில் தகப்பனை இழந்தவர். சியால்தா ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் அகதிக் குடும்பங்கள் குடித்தனம் நடத்திய காலம் அது. தாகூரின் மென்மையான மொழி, கண்முன் தெரிந்த இந்த நகரத்துக்குப் பொருந்தவில்லை என்று இளைஞர்கள் நினைத்தார்கள். 1953-ல் 'கிருத்திபாஸ்' சிற்றிதழ் தொடங்கியது. இளம் கவிஞர்களுக்கு அதுவே மேடை ஆனது.

பகலில் காலேஜ் ஸ்ட்ரீட் காப்பி ஹவுஸ். ராத்திரியில் கலாசிடோலா. அங்கிருந்து பூட்டிய கடைகளின் வழியே நள்ளிரவு ஊர்வலம். நண்பர்கள் காட்டுக்குப் போய்ச் சுற்றிய அனுபவத்திலிருந்து சுனில் எழுதிய 'அரண்யேர் தின் ராத்ரி'யை 1970-ல் ராய் படமாக்கினார். நகரத்து இளைஞர்கள் நாலு பேர் பலாமு காட்டில் ஆதிவாசிகளின் சாராயக் கடையில் போய் உட்காரும் காட்சிகள் அதில் உண்டு. தாங்கள் அங்கே விருந்தாளிகளா, ஆக்கிரமிப்பாளர்களா என்ற கேள்வியை அந்தப் படம் கூச்சத்தோடு கேட்கிறது. கலாசிடோலா பெஞ்சுக்கும் பொருந்தும் கேள்வி அது.

1962-ல் அமெரிக்காவிலிருந்து ஆலன் கின்ஸ்பெர்க் வந்து சேர்ந்தார். கூடவே துணைவர் பீட்டர் ஓர்லோவ்ஸ்கி. சாந்தினி சவுக் பக்கத்தில் அம்ஜதியா ஓட்டலில் தங்கினார். 'ஹௌல்' கவிதைக்காக 1957-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஆபாச வழக்கைச் சந்தித்து வென்ற கவிதை அவருடையது. கல்கத்தா இளைஞர்கள் அவரை நிம்தலா சுடுகாட்டுக்கும் காப்பி ஹவுசுக்கும் அழைத்துப் போனார்கள். கலாசிடோலாக் கதைகளிலும் அந்தத் தாடிக்காரர் வருகிறார். வெள்ளைக்காரக் கவிஞர் ஒருவர் தங்களோடு தரையில் உட்கார்ந்து பேசியது இவர்களுக்குத் தெம்பைக் கொடுத்தது. அவரிடமிருந்து இவர்கள் கற்றார்களா, இவர்களிடமிருந்து அவர் கற்றாரா என்ற விவாதம் வங்காளத்தில் இன்னும் ஓயவில்லை.

அதற்கு முன்பே, 1961 நவம்பரில், பாட்னாவிலிருந்து இன்னொரு தீ கிளம்பியிருந்தது. மலாய் ராய் சௌத்ரி, அவர் அண்ணன் சமீர், சக்தி சட்டோபாத்யாய், தேபி ராய் ஆகியோர் 'ஹங்ரி தலைமுறை' என்று தங்களை அறிவித்துக்கொண்டார்கள். புத்தகம் போடப் பணமில்லை. ஒற்றைத் தாளில் அச்சடித்துக் காப்பி ஹவுசிலும் கல்லூரிகளிலும் விநியோகித்தார்கள். அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் காகித முகமூடிகளைத் தபாலில் அனுப்பி, 'முகமூடியைக் கழற்றுங்கள்' என்று கேட்டார்கள்.

முகமூடி அணிந்தவர்களுக்குக் கோபம் வந்தது. 1964 செப்டம்பரில் 11 பேர்மீது வழக்குப் பதிவானது. மலாயைக் கைவிலங்கு போட்டு, இடுப்பில் கயிறு கட்டிப் பாட்னாத் தெருக்களில் நடத்திப் போனார்கள். ரிசர்வ் வங்கி வேலையிலிருந்து அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார். 'பிரசண்ட பைத்யுதிக் சுதார்' என்ற அவருடைய கவிதை ஆபாசமானது என்பது குற்றச்சாட்டு.

பெஞ்சும் கூண்டும்

கலாசிடோலாவின் வண்ணக் கதைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுவார்கள். வழக்கு நடந்தபோது ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றார்கள். ஹங்ரி இயக்கத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான சக்தி, அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். அந்த இயக்கத்தில் சேராமல், அதைக் கடுமையாக விமர்சித்த சுனிலோ மலாய்க்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். 'கவிதை பிடிக்கிறதா' என்பது வேறு, 'கவிஞனைச் சிறையில் போடலாமா' என்பது வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

1965 டிசம்பர் 28-ல் பாங்க்ஷால் நீதிமன்றம் மலாய்க்கு 200 ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை விதித்தது. 1967 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. சிலர் எழுதுவதை நிறுத்தினார்கள். நண்பர்கள் வருடக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. குடி தந்த தோழமை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு நீதிமன்றக் கூண்டு ஒரு அளவுகோல் ஆனது.

கலகக்காரர்களை நிறுவனங்கள் அணைத்துக்கொண்டதும் நடந்தது. சக்திக்கும் சுனிலுக்கும் ஆனந்த பஜார் பத்திரிகை வேலை கொடுத்தது. சக்தி 1983-லும் சுனில் 1985-லும் சாகித்ய அகாடமி விருது பெற்றார்கள். போலீஸ் வழக்கில் சாட்சி சொல்லப் போன சுனில், 2002-ல் அதே நகரத்தின் ஷெரீப் ஆனார். 2008-ல் அகாடமியின் தலைவர். மலாய்க்கு 2003-ல் மொழிபெயர்ப்புக்கான அகாடமி விருது அறிவிக்கப்பட்டபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 2023-ல் அவர் மறைந்தார். சக்தி 1995-லும் சுனில் 2012-லும் போய்ச் சேர்ந்தார்கள்.

பாங்ளா பாட்டிலோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்ட இன்னொரு பெயர் ரித்விக் கட்டக். பிரிவினையின் வலியை 'மேகே தாக்கா தாரா' (1960), 'சுபர்ணரேகா' போன்ற படங்களாக்கிய மேதை. கடைசியாக எடுத்த 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ' படத்தில் குடிகார அறிவுஜீவி நீலகண்டனாக அவரே நடித்தார். கையில் சாராய பாட்டில். நடிப்புக்கும் வாழ்க்கைக்கும் இடைவெளி இல்லாத வேடம். 1976 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 50. படம் திரைக்கு வந்தது அடுத்த ஆண்டு. குடித்ததால் மேதை ஆனார் என்று கதை சொல்வது எளிது. குடியால் எடுக்கப்படாமல் போன படங்களை யாராலும் எண்ண முடியாது.

பெஞ்சில் இடமில்லாதவர்கள்

'எல்லோருக்கும் ஒரே பெஞ்சு' என்ற பெருமைக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. பெண்கள். கவிதா சின்ஹா, நவநீதா தேவ்சென் போன்ற கவிஞர்கள் அதே தலைமுறையில் எழுதியவர்கள்தான். ஆதி மனுஷியான ஏவாள் கடவுளிடம் நேருக்கு நேர் பேசுவதாகக் கவிதா எழுதிய கவிதை, ஆண்களின் எந்தக் கலகத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் இலக்கியத்தின் போக்கு பேசித் தீர்மானிக்கப்பட்ட ராத்திரி மேஜை ஆண்களுடையது. யாரை அச்சில் போடலாம், யாரை ஒதுக்கலாம் என்ற பேச்சு நடக்கும் இடத்துக்குப் போக முடியாதவர்கள் கொடுத்த விலை எந்த நினைவுக் குறிப்பிலும் சரியாகக் கணக்கிடப்படவில்லை.

வீட்டில் காத்திருந்த பெண்களின் கணக்கும் அப்படித்தான். கவிஞர் நள்ளிரவில் பாடிக்கொண்டு திரும்பினால் அது கதை. கூலித் தொழிலாளி அன்றைய சம்பளத்தைத் தொலைத்துவிட்டுத் திரும்பினால் மறுநாள் அடுப்பு எரியாது. இரண்டும் ஒரே கடையிலிருந்து, ஒரே பாட்டிலிலிருந்து வந்தவை.

இந்தக் கடைகளை மூடிவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2011 டிசம்பரில் கல்கத்தாவுக்குத் தெற்கே சங்கிராம்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் விற்ற கள்ளச்சாராயம் 170 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள், ரிக்‌ஷாக்காரர்கள், தெருவில் கூவி விற்பவர்கள். வேலை முடிந்து மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்கள். காரணம் மெத்தனால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது, பிறகு மூச்சை நிறுத்துகிறது. 'சுல்லு' என்று வங்காளத்தில் அழைக்கப்படும் இந்தத் திருட்டுச் சரக்குக்கு லேபிள் இல்லை, முத்திரை இல்லை, யூ.பி. கணக்கு இல்லை. முத்திரையிட்ட பாங்ளாவில் வரி ஏறும்போதெல்லாம் சுல்லுவின் வாடிக்கையாளர்கள் கூடுகிறார்கள். கலாசிடோலா போன்ற கடையில் குடிப்பவருக்குக் குறைந்தபட்சம் மறுநாள் கண் தெரியும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. ஏழைக்கு அரசு வைத்திருக்கும் பாதுகாப்பின் அளவு அவ்வளவுதான்.

காப்பி ஹவுஸ் அதிர்ஷ்டம் செய்தது. 1958 முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே நடத்தும் அந்த இடத்தைப் பற்றி மன்னா டே பாடிய பாட்டு எண்பதுகளில் வங்காளம் முழுக்க ஒலித்தது. சுற்றுலா வருபவர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கலாசிடோலாவைத் தேடியும் அவ்வப்போது இளைஞர்கள் வருகிறார்கள். சக்தி எங்கே உட்காருவார், கமல்தா எந்த மூலை என்று கேட்பதற்காக. ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டு, இரைச்சலைப் பொறுக்க முடியாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

கடை அவர்களை நம்பி இல்லை. கவிஞர்கள் வருவதற்கு முன்பே கரி அள்ளிய கைகள் இங்கே பாட்டிலைத் திறந்தன. கவிஞர்கள் ஷெரீப்பும் தலைவருமான பிறகும் மூட்டை தூக்கிய கைகள் திறந்தன. சக்தியின் கவிதை வரிகளை ஒப்பிக்கும் வங்காளிகள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடலையை அவர் பக்கம் தள்ளி வைத்த ரிக்‌ஷாக்காரரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாலையில் வேலை முடிந்ததும், அவரைப் போன்றவர்கள்தான் வந்து அந்த பெஞ்சுகளை நிரப்புகிறார்கள்.